சூரிய மின்தகட்டின் வகையை இனங்காண்பது எப்படி?

சோலார் தகடு வாங்க முனைபவர் பெரும்பாலும் விலையையும் வாட் அளவையும் மட்டுமே கேட்கிறார். ஆனால் தகட்டின் வகை தெரிந்தால்தான் அதற்கு எவ்வளவு இடம் வேண்டும், கடும் வெயிலில் அது எவ்வளவு தளரும் என்பவை விளங்கும்.

முதல் படி: தகட்டில் கட்டம் கட்டமாகத் தெரியும் செல்களைக் கூர்ந்து பாருங்கள். கருமையாக, ஒரே சீரான நிறத்துடன் இருந்தால் அது மோனோ. உருகிய சிலிக்கானிலிருந்து ஒற்றைப் படிகமாக மெல்ல இழுத்தெடுத்த உருளையை வில்லைகளாக அறுத்துச் செய்வதால், பல மோனோ செல்களின் மூலைகள் வெட்டுப்பட்டிருக்கும். நீலமாக, நொறுங்கிய கண்ணாடிச் சில்லுகளைப் பதித்ததுபோல் தெரிந்தால் அது பாலி. அச்சில் ஊற்றி உறையவைத்த சிலிக்கானில் பல படிகங்கள் கலந்திருப்பதே அந்தத் தோற்றத்துக்குக் காரணம். செல் கட்டங்களே இல்லாமல் மெல்லிய கோடுகள் மட்டும் ஓடினால் அது மென்படலத் தகடு. காட்மியம் டெல்லுரைடு போன்ற பொருள் சில மைக்ரான் தடிமனில் கண்ணாடிமேல் படிந்திருக்கும்.

இரண்டாம் படி: இடத்தைக் கணக்கிடுங்கள். வெயிலை மின்சாரமாக மாற்றும் திறன் மோனோ தகடுகளுக்குப் பொதுவாக 20 முதல் 23 விழுக்காடு. பாலிக்கு 15 முதல் 18. 3 கிலோவாட் அமைக்க, 21 விழுக்காட்டுத் தகடுகளுக்குச் சுமார் 14 சதுர மீட்டரும், 17 விழுக்காட்டுத் தகடுகளுக்குச் சுமார் 18 சதுர மீட்டரும் தேவைப்படும்.

மூன்றாம் படி: வெப்பக் குணகத்தை, அதாவது செல் ஒரு பாகை கூடுதலாகச் சூடேறினால் வாட் எத்தனை விழுக்காடு குறையும் என்ற எண்ணைப் படியுங்கள். பலரும் கவனியாமல் விடுவது இதைத்தான். ஆனால் நான் இதையே முதலில் தேடுவேன். தகட்டில் அச்சிட்டிருக்கும் வாட் அளவு, செல் 25 பாகை செல்சியசில் இருக்கும்போது அளந்தது. வெயிலில் செல் 65 பாகையை எட்டினால், பாகைக்கு 0.35 விழுக்காடு இழக்கும் 540 வாட் தகடு, 14 விழுக்காடு குறைந்து ஏறத்தாழ 464 வாட்தான் தரும். எச்ஜேடி (படிகச் சிலிக்கானின்மேல் படிகமற்ற சிலிக்கானை மெல்லிய படலமாகப் படியவைத்த) வகை மோனோவில் இந்த இழப்பு பாகைக்குச் சுமார் 0.25 விழுக்காடே என்பதால், அதே வெயிலில் 486 வாட் கிடைக்கும். வெப்பம் மிகுந்த இடத்தில் இந்த வேறுபாடு ஆண்டு முழுவதும் தொடரும்.

நான்காம் படி: பின்புறத்தைப் பாருங்கள். அங்கும் கண்ணாடியோ ஒளி புகும் தாளோ இருந்து செல்கள் தெரிந்தால், அது இருமுகத் தகடு. வெளிர்நிறத் தளத்துக்கு மேலே உயர்த்திப் பொருத்தினால், தெறித்துவரும் ஒளியிலிருந்தும் அது மின்சாரம் எடுக்கும்; கூரையோடு ஒட்டிப் பொருத்தினால் பின்முகத்துக்கு ஒளி எட்டாது என்பதால், அதற்கெனக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.