கிணற்றில் குதிக்கும் முன் ஏறும் வழியைப் பாருங்கள்

சித்திரை வெயிலில் தோட்டத்துக் கிணற்றில் இறங்கினால் மேலே இரண்டடித் தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும். காலைக் கொஞ்சம் கீழே விட்டால் பாதம் ஜில்லிடும். மார்கழி விடியலில் அதே கிணறு வெந்நீர் மாதிரித் தோன்றும். ஊற்றுநீரின் சூடு வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான், மாறுவது வெளிக்காற்று.

முதல் வேலை மோட்டாரைப் பார்ப்பது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஆட்டோ ஸ்டார்ட்டர் இருந்தால், த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கிவிடும். மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கிக் கரையில் நிற்பவர் கையில் கொடுங்கள்.

அடுத்தது படி. காலையில் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்த படிக்கல், மோட்டார் சில மணி நேரம் ஓடியபின் தலைக்கு மேலே எட்டாமல் நிற்கும். அதனால் 12 மி.மீ. நைலான் கயிற்றில் ஒன்றரை அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, மரத்தில் கட்டி, நுனி தண்ணீருக்குள் நாலடி போகும்படி தொங்கவிடுங்கள். மோட்டார் பைப்பை நம்பாதீர்கள், பாசி வழுக்கும்.

கடப்பாரை நீச்சல் மட்டுமே தெரிந்தவர்களுக்குப் பழைய நாளில் சுரைக்குடுக்கை கட்டினார்கள். இப்போது 5 லிட்டர் எண்ணெய் கேன். தண்ணீரில் உடம்பின் எடை சில கிலோதான் என்பதால் மூடி இறுகிய கேன் ஒன்றே பலருக்குத் தாங்கும். கட்டுமுன் ஒரு நிமிஷம் கேனை அமுக்கிப் பிடியுங்கள். குமிழி வந்தால் தூக்கிப் போடுங்கள். தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே, முதுகில் இறுக்கிக் கட்ட வேண்டும். இடுப்புக்கு இறங்கினால் பிட்டம் மேலே வரும், தலை உள்ளே போகும். பாதுகாப்புக் கயிற்றையும் அக்குளுக்குக் கீழேதான் சுற்ற வேண்டும். முதல் நாள் படிக்கல்லைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்காமல் தொடையிலிருந்து காலடித்தால் போதும். நீச்சல் தெரிந்தவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கேன் உயிர்காப்பு அல்ல.

குதிக்கும் முன் கயிற்றில் கல் கட்டி ஆழம் பாருங்கள். 10 அடி உயரத்துக்கு 12 அடித் தண்ணீராவது வேண்டும், அதுவும் கால் முதலில். 20 அடியிலிருந்து குதித்தால் தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்கு 40 கி.மீ. அருகில் வரும். வயிறு பட விழுந்தவருக்கு அதன் அர்த்தம் புரியும்.

அடிமண் எடுத்து வரும் பந்தயத்தில் ஒரு பொறி உண்டு. முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் கரியமிலவாயு குறைந்து, மூச்சு முட்டும் உணர்வு தாமதமாகும். அதற்குள் மயக்கம் வந்துவிடும். நிதானமாக ஒரு மூச்சு இழுத்து முங்குங்கள். காது வலித்தால் மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுங்கள், விடாவிட்டால் மேலே வந்துவிடுங்கள்.

கல்கட்டின் வங்குகளுக்குள் கை விட வேண்டாம், பாம்பு இருக்கும். புதர் மூடி, நெடுநாள் இறைக்காத கிணற்றில் இறங்கவே வேண்டாம். உள்ளே பிராணவாயு குறைந்து கிடக்கலாம். இறங்கியவர் மயங்கினால் தூக்கப் போனவரும் அங்கேயே விழுவார். மேலேயே நின்று 101-க்குப் போன் செய்யுங்கள்.