தூக்கிய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் பின்பக்க ஸ்பிரிங் பட்டை அமைக்கும் முறை

சஸ்பென்ஷனைத் தூக்கினால் பின் டிஃப் (பின் அக்சிலின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி) ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. டிஃப் உட்கார்ந்திருப்பது டயரின் மேல். 31 அங்குல டயரைக் கழற்றி 33 அங்குலம் போட்டால் டிஃப் 1 அங்குலம் உயரும். தூக்குவது அந்த டயர் மட்கார்டில் உரசாமல் இருக்க இடம் கொடுப்பதற்குத்தான். மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் ஓட்டுபவர்களுக்கு 50 மி.மீ. தூக்கு போதும். அதற்கு மேல் போனால், குலை ஏற்றிக்கொண்டு மேட்டு நிலத்துப் படிக்கட்டுப் பாதையில் குறுக்காகப் போகும்போது வண்டி சாயும் ஆபத்துதான் கூடும்.

ஸ்பிரிங் வாங்குமுன் வண்டியில் எப்போதும் இருக்கும் எடையைக் கணக்கிடுங்கள். கெனோப்பி, இரும்பு பம்பர், வின்ச், கருவிப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இதில் சேரும். எப்போதாவது ஏற்றும் குலை சேராது. வாரத்தில் ஒருநாள் 800 கிலோ ஏற்றுவதற்காக மிகக் கெட்டியான ஸ்பிரிங் போட்டால், மற்ற நாட்களில் காலி வண்டி துள்ளும். ஈர மண்ணில் டயர் பிடி விடும். பட்டையின் கெட்டித்தன்மை அதன் கனத்தின் (தடிமனின்) மூன்றாம் படியில் ஏறுகிறது. 6 மி.மீ. பட்டைக்குப் பதில் அதே நீளத்தில் 7 மி.மீ. போட்டால், அந்த ஒரு பட்டை ஏறக்குறைய 60 விழுக்காடு கெட்டியாகிவிடும். ஈப்போ ஸ்பிரிங் கடையில் "கொஞ்சம் கெட்டியா" என்று சொல்லாதீர்கள். கிலோவைச் சொல்லுங்கள், பட்டையின் கனத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

உயரம் கிடைக்கும் வழிகளில் முழு செட்டாக வளைவு கூடிய புதுப் பட்டைகள் போடுவதே சிறந்தது. கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பதானால் நீளமானதாகச் சேருங்கள். குட்டையான தடித்த பட்டையின் நுனி மெயின் பட்டையை ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருக்கும். விரிசல் அங்கேதான் விழும். பட்டையின் பின்கண்ணை (பின்முனை வளையத்தை) சேசிஸோடு இணைக்கும் ஊஞ்சல் தட்டான ஷேக்கிளை 50 மி.மீ. நீட்டினால் அக்சிலில் அதில் பாதிதான் உயரம் கிடைக்கும், பின்கண் கீழே இறங்குவதால் பினியன் மூக்கும் (டிஃபில் ஷாஃப்ட் வந்து சேரும் முன்முனை) மேல்நோக்கித் திரும்பும். அக்சிலுக்கும் பட்டைக்கும் இடையே வைக்கும் பிளாக் மலிவு, ஆனால் நெம்புகோலை நீளமாக்கி பட்டையை 'எஸ்' வடிவில் முறுக்கும். முன் அக்சிலில் பிளாக் வைக்கவே கூடாது. பின்னால் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கவும் கூடாது. பழைய பட்டையை கேஸால் பழுக்கக் காய்ச்சி வளைத்துத் தருவோம் என்பவரிடம் கொடுக்காதீர்கள். பதம் போய்விட்ட எஃகு ஒன்று அமரும், இல்லையென்றால் உடையும். பட்டையில் வெல்டிங் பிடிப்பதும் அப்படித்தான்.

கழற்றுமுன் நான்கு மூலையிலும் வீல் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று கணக்கைக் கெடுக்கும். பட்டையை அக்சிலோடு பிணைக்கும் யூ-போல்ட் நட்டுகளுக்கு முதல் நாள் இரவே துருநீக்கி எண்ணெய் அடித்துவிடுங்கள். ஹேண்ட்பிரேக் பின்வீலில் இருப்பதால் பின்புறம் தூக்கியதும் அது பயன்படாது. முன்டயர்களுக்கு இரு பக்கமும் கட்டை போடுங்கள். ஸ்டாண்டு சேசிஸின் கீழ், ஜாக் அக்சிலின் கீழ். ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம். கண் போல்ட் அதன் புஷ்ஷோடு (கண்ணுக்குள் இருக்கும் உறை) இறுகிப்போயிருந்தால் ரம்பத்தால் அறுங்கள்; எரிபொருள் தொட்டி பக்கத்தில் இருக்கிறது, கேஸ் கட்டர் வேண்டாம். பட்டைகளைப் பிரிப்பதானால் அவற்றை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டின் இரு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகே நட்டைத் தொடுங்கள். வளைவை அடக்கி வைத்திருப்பது அந்த ஒரே போல்ட்தான்.

புதுப் பட்டை செட்டைப் பொருத்தும்போது சென்டர் போல்ட்டின் தலை அக்சில் தட்டின் குழிக்குள் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பில் ஏறி நின்றால் யூ-போல்ட் எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்சநாளில் தளரும், அக்சில் கோணலாக நகரும், கடைசியில் சென்டர் போல்ட் வெட்டுப்படும். யூ-போல்ட் புதிதாகவே இருக்க வேண்டும். ஒருமுறை இழுபட்டது மறுமுறை அதே பிடி தராது. நான்கு நட்டையும் குறுக்கு மறுக்காக, மூன்று நான்கு சுற்றுகளில் இறுக்குங்கள். ஸ்பிரிங் தயாரிப்பாளர் தந்த எண் முதன்மை; எண் இல்லாத 12 மி.மீ. 8.8 தர போல்ட்டுக்கு 80 நியூட்டன் மீட்டர் பக்கம் வையுங்கள். கண், ஷேக்கிள் போல்ட்டுகளை இப்போது கையால் மட்டும் முடுக்குங்கள். ரப்பர் புஷ் போட்ட வண்டியை அந்தரத்தில் வைத்து இறுக்கினால், கீழே இறக்கும்போது புஷ் முறுக்கேறி நின்று சில மாதங்களில் கிழியும். வண்டியைத் தரையில் இறக்கி, பின்பக்கம் சிலமுறை அழுத்திக் குலுக்கி, பிறகுதான் கடைசி இறுக்கம்.

அடுத்து ஷேக்கிள், பலர் பார்க்காமல் விடுவது இதைத்தான். பட்டை அமுங்கும்போது நீளும். நீள்வதற்கு ஷேக்கிள் இடம் விட வேண்டும். வழக்கமான எடையில் ஷேக்கிளின் கீழ்முனை, முன்பக்க நிலைக்கண்ணுக்கு எதிர்த்திசையில், செங்குத்திலிருந்து 15 முதல் 25 பாகை சாய்ந்திருக்க வேண்டும். வளைவு அதிகமானால் பட்டையின் இரு கண்களும் நெருங்கிவிடும், ஷேக்கிள் நேராக நிற்கும் அல்லது முன்பக்கம் சாயும். அப்போது அமுக்கம் பட்டையை நீட்டாமல் சேசிஸை உதைக்கும். வண்டி கட்டைவண்டி போல இடிக்கும். இதற்கு அப்ஸார்பரை மாற்றி அலைய வேண்டாம். ஷேக்கிள் தொங்கியை நகர்த்தலாம், அல்லது வளைவு குறைந்த செட் போடலாம்.

பினியன் கோணத்தைப் பாகை காட்டும் கருவியை வைத்துப் பாருங்கள். சாதாரண இரு மூட்டு ஷாஃப்டில் கியர்பாக்ஸ் வெளியீட்டு முகமும் பினியன் முகமும் ஓட்டத்தில் ஒன்றுக்கொன்று இணையாக வரும்படி, நிற்கும்போது பினியன் 1 அல்லது 2 பாகை தாழ்ந்து இருக்கட்டும்; ஆக்சிலரேட்டர் மிதித்தால் மூக்கு தானாக எழும். சரிசெய்ய அக்சிலுக்கும் பட்டைக்கும் இடையே இரும்பு ஷிம் (ஆப்பு வடிவத் தகடு) போடுங்கள், அலுமினியம் நசுங்கும். ஹைலக்ஸில் பட்டை அக்சிலின் மேல் இருப்பதால், ஷிம்மின் தடித்த பக்கம் பின்னால் வந்தால் மூக்கு உயரும், முன்னால் வந்தால் தாழும். பட்டை அக்சிலுக்குக் கீழே இருக்கும் பழைய சுசுகி ஜிப்சிகளில் இது தலைகீழ். ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருந்து, புறப்படும்போது நடுக்கம் வந்தால் நடு பேரிங்கை 10 முதல் 20 மி.மீ. ஸ்பேசரால் இறக்கிப் பாருங்கள்.

பின்பிரேக்கின் எடை உணர் வால்வு உள்ள வண்டிகளில் அதை மறந்தால் ஆபத்து. அக்சிலோடு கம்பியால் இணைந்த அது, தூக்கியதும் வண்டி காலியாக இருப்பதாக எண்ணிப் பின்பிரேக்கைக் குறைத்துவிடும். குலை நிறைந்த வண்டி இறக்கத்தில் அதற்கு விலை கொடுக்கும். கம்பி பொருந்தும் அக்சில் பக்கத் தாங்கியை, வண்டியைத் தூக்கிய அளவுக்கு உயர்த்தி, பழைய கோணத்துக்குக் கொண்டு வாருங்கள்.

பிறகு சேசிஸை உயர்த்தி அக்சிலை முழுதாகத் தொங்கவிடுங்கள். பிரேக் குழாய், டிஃப் மூச்சுக்குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள் எதுவும் இழுபடக் கூடாது. அப்ஸார்பரில் அந்த நிலையில் இன்னும் 10 மி.மீ. நீட்டம் மிச்சம் இருக்கட்டும். முழுதாக அமுக்கும்போது அது அடியில் மோதுமுன் ரப்பர் தடுப்பான பம்ப் ஸ்டாப்பர் தொட வேண்டும்.

50 கிலோமீட்டர் ஓடியதும் யூ-போல்ட்டை மறுபடி இறுக்குங்கள், 500-இல் இன்னொரு முறை. புதுப் பட்டை கொஞ்சம் அமரும், ஆகவே வீல் நடு முதல் மட்கார்டு வரை மீண்டும் அளந்து முன்னர் எழுதியதோடு ஒப்பிடுங்கள். பட்டைகளுக்கு இடையே கிரீஸ் தடவ வேண்டாம். செம்மண் மணலை அது பிடித்து வைத்து அரம் போல் தேய்க்கும். நுனிகளில் நைலான் தட்டு போதும். மழை நாள் முடிந்ததும் தண்ணீர் அடித்துக் கழுவி, கிளிப்பும் பட்டையும் சந்திக்கும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் வைத்துத் தேடுங்கள். தூக்குவதற்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி எடுத்து, வண்டி சோதனைக்காகப் புஸ்பாகோமுக்குப் (வாகனப் பரிசோதனை நிறுவனம்) போகும்போது அந்தத் தாளை உடன் கொண்டு செல்லுங்கள்.