ஜாலி, ஃபன், என்ஜாய்: ஆங்கிலத்தில் நாம் வழுக்கும் இடங்கள்

ஒருமுறை சுற்றுலா போய்வந்து, உடன் வேலை பார்ப்பவருக்கு ‘தி ட்ரிப் வாஸ் வெரி ஃபன்னி’ என்று மெயில் அனுப்பினேன். ‘அப்படி என்ன காமெடி நடந்தது?’ என்று பதில் வந்தது. ஒன்றும் நடக்கவில்லை, பொழுது நன்றாகப் போனது, அவ்வளவுதான். அதைச் சொல்ல ஃபன் போதும். ஃபன்னி என்றால் சிரிப்பு மூட்டுவது. ஏதோ சரியில்லை என்றும் அதற்கு ஒரு பொருள் உண்டு. ‘தி மில்க் ஸ்மெல்ஸ் ஃபன்னி’ என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள், பாலைக் கீழே ஊற்றுங்கள்.

ஃபன்னை ஒன்று, இரண்டு என்று எண்ண முடியாது. அதனால் ‘வி ஹேட் எ ஃபன்’ தவறு, நடுவில் இருக்கும் ‘எ’யை எடுத்துவிட வேண்டும். கூட வரும் வினையிலும் கவனம் தேவை. ‘ஹேவ் ஃபன்’ என்றால் மகிழ்ச்சியாகப் பொழுதைக் கழிப்பது, ‘மேக் ஃபன் ஆஃப்’ என்றால் ஒருவரைக் கேலி செய்வது. விருந்துக்குக் கூப்பிட்டவரிடம் இரண்டையும் மாற்றிச் சொன்னால் அடுத்த அழைப்பு வராது.

தமிழுக்குள் எப்போதோ குடியேறிவிட்ட சொற்கள்தான் நம்மை அதிகம் ஏமாற்றுகின்றன. ‘நல்லா என்ஜாய் பண்ணினோம்’ என்பது நம் வாயில் இயல்பாக வருகிறது. அதையே ‘வி என்ஜாய்ட் எ லாட்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால், எதை என்ற கேள்வி தொங்கி நிற்கும். ‘வி என்ஜாய்ட் தி ட்ரிப்’ என்று எதையென்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் ‘வி என்ஜாய்ட் அவர்செல்வ்ஸ்’ என்று முடிக்க வேண்டும். சாப்பாட்டை முன்னால் வைத்துவிட்டு ‘என்ஜாய்!’ என்று ஒற்றைச் சொல்லாகச் சொல்வது மட்டும் விதிவிலக்கு. அப்புறம், ‘என்ஜாய் டு ஸ்விம்’ கிடையாது, ‘என்ஜாய் ஸ்விம்மிங்’தான்.

ஜாலியும் இப்படித்தான். ‘இன்னைக்கு ஜாலியா இருக்கேன்’ என்பதை ‘ஐ ஆம் ஜாலி டுடே’ என்றால் ஆங்கிலக் காதுக்கு விநோதமாக இருக்கும். அங்கே ஜாலி பெரும்பாலும் ஒருவருடைய கலகலப்பான சுபாவத்தைக் குறிக்கும், கொஞ்சம் பழைய வாடையும் அடிக்கும். பிரிட்டிஷ்காரர் ‘ஜாலி குட்’ என்றால் அது வெறும் ‘ரொம்ப நல்லது’.

எனக்குப் பிடித்த குழப்பம் ‘புல்லிங் மை லெக்’. தமிழில் காலை வாருவது என்றால் நம்பவைத்துக் கவிழ்ப்பது என்றும் பொருள். ஆங்கிலத்தில் அந்தத் துரோகம் இல்லை, பொய்யை நிஜம்போல் சொல்லி விளையாடுவது மட்டும்தான். நண்பர் அப்படிச் சொன்னால் கோபப்பட வேண்டாம்.

கே என்ற சொல்லும் ஒரு காலத்தில் குதூகலத்தைத்தான் குறித்தது. பழைய கவிதைகளில் அந்தப் பொருளில் வரும். இன்று அது ஒருபாலீர்ப்பைக் குறிக்கிறது, கொண்டாட்டத்தை வர்ணிக்க எடுக்காதீர்கள். மெர்ரி, கிறிஸ்துமஸோடு நன்றாக ஒட்டும், பிறந்தநாளோடு ஒட்டாது. பிரிட்டிஷ் பேச்சில் ‘எ பிட் மெர்ரி’ என்றால் லேசான போதை. ரோம்ப் என்பது குழந்தைகள் ஓடியாடுவது, ஆனால் செய்தித் தலைப்பில் அது படுக்கையறை சமாச்சாரமாக இருக்கக்கூடும்.

கடைசியாக, குறும்பைச் சொல்லும் மிஸ்சிவஸ். படித்தவர்கள்கூட நடுவில் ஓர் ‘இ’யை நுழைத்து மிஸ்சீவியஸ் என்கிறார்கள். எழுத்தில் ‘வி’ (v) எழுத்துக்குப் பின்னால் அந்த ‘இ’ இல்லை.