தேய்ந்த சிமெண்ட் தரையைப் பளபளப்பாக்குவது எப்படி?

காலையில் பெருக்கிவிட்டால் மதியத்துக்குள் மறுபடி மாவு மாதிரி தூசி. விரலால் தேய்த்தால் சாம்பல் ஒட்டும். பழைய சிமெண்ட் தரை இப்படி ஆகிவிட்டால் பெயர்த்துவிட்டு டைல்ஸ் போடத்தான் சொல்வார்கள். அடியில் காரை கெட்டியாக இருந்தால் அது தேவையே இல்லை. அந்தத் தரையையே தேய்த்துப் பாலிஷ் ஏற்றலாம், அல்லது மேலே எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்து பூசும், இறுகும் பிசின்) அடிக்கலாம்.

எதுவானாலும் முதலில் ஓதம், அதாவது தரைக்குள் ஊறிய ஈரம், பாருங்கள். 18 அங்குலச் சதுர பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். பிரித்தால் அடியில் நீர் முத்து முத்தாக நிற்கிறதா, தரை கறுத்திருக்கிறதா? அப்படியானால் எபாக்ஸி வேண்டாம். எங்கள் முன்கூடத்தில் இதைப் பார்க்காமல் அடித்தேன். முதல் மழைக்கே அப்பளம் போல உப்பிவிட்டது. அத்தனையையும் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று.

விரிசல்களை உளியால் கொஞ்சம் அகலப்படுத்தி, தூசி ஊதி, எபாக்ஸி பட்டி வைத்து அடையுங்கள்.

அப்புறம் தேய்ப்பு. வேலையில் பெரும்பங்கு இதுதான். வைரக்கல் பொருத்திய மெஷினை வாடகைக்கு எடுத்து 30 அல்லது 40 நம்பர் கல், பிறகு 80 (நம்பர் ஏற ஏறக் கல் நைசாகும்). தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும். உலர்ந்த சிமெண்ட் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். முகக்கவசமும் போடுங்கள். வரும் சேற்றைச் சாக்கடையில் விடாதீர்கள், குழாய்க்குள் இறுகிவிடும்.

இங்கேதான் வழி பிரிகிறது.

பாலிஷ் என்றால் லித்தியம் சிலிகேட் திரவத்தை ஊற்றி, அரை மணி நேரம் ஈரம் காயாமல் பரப்புங்கள். அது சிமெண்டில் உள்ள சுண்ணாம்போடு சேர்ந்து தரையை இறுக்கும். மிச்சத்தைத் துடைத்தெடுங்கள், தேங்கினால் வெள்ளைக் கறை. மறுநாள் 100, 200, 400, 800 என்று ஏறுங்கள். ஓதமுள்ள தரைக்கு நான் இதையே சொல்வேன். உரிந்து வர மேலே படலமே இல்லை.

எபாக்ஸி என்றால் 80-இலேயே நிறுத்துங்கள். வழவழப்பானால் கோட்டிங் பிடிக்காது. நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தரை உறிஞ்ச வேண்டும். உருண்டு நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது, கழுவித் திரும்பத் தேயுங்கள். பிரைமர் ஒன்று, மறுநாள் கோட்டிங். ஹார்ட்னரை (எபாக்ஸியை இறுக வைக்கும் இரண்டாவது திரவம்) கண்ணளவில் ஊற்றாமல் டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி கலக்குங்கள். கலந்ததை டப்பாவிலேயே வைத்திருந்தால் சூடேறி இறுகும். உடனே தரையில் பட்டையாக ஊற்றி ரோலரால் இழுங்கள். உள்மூலையில் தொடங்கி வாசலில் முடியுங்கள். ஒரு நாள் கால் படக்கூடாது, கனமான சாமான்களுக்கு ஒரு வாரம். வெயில் நேராக விழும் இடத்தில் எபாக்ஸி மஞ்சளாகும். அங்கே மட்டும் மேலே பாலியூரித்தேன் ஒரு கோட் கொடுங்கள்.