புது வாஷிங் மெஷின் வாங்கும் முன், பழையது எதனால் போனது என்று பாருங்கள்

மெஷின் நின்றுபோனால் இரண்டே நாளில் துணி மலையாகக் குவிந்துவிடும். அந்த அவசரத்தில் கடைக்கு ஓடி, எதற்குத் தள்ளுபடி அதிகமோ அதை வாங்கி வந்துவிடுகிறோம். அதற்கு முன் அரை மணி நேரம் பழைய மெஷினைப் புரட்டிப் பாருங்கள். அதைக் கெடுத்தது உப்புத் தண்ணீரா, ஏறி இறங்கும் கரண்டா, எலியா, திணித்த துணியா என்று தெரியாமல் புதிது வாங்கினால், அதே காரணம் அங்கேயே காத்திருந்து புதியதையும் கெடுக்கும்.

மாற்றத்தான் வேண்டுமா?

ஃபிரண்ட் லோடில் தண்ணீர் வெளியேறவில்லை என்றால், முன்பக்கம் கீழே ஓரமாக இருக்கும் சின்ன மூடியைப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அகலத் தட்டு ஒன்றை அடியில் வைத்து, உள்ளே இருக்கும் ஃபில்டரை மெல்லத் திருகி எடுங்கள். சில்லறைக் காசு, ஊக்கு, ஜாக்கெட் கொக்கி, நாடா நூல் எல்லாம் அங்கேதான் சேரும். தண்ணீர் ஏறவில்லை என்றால், குழாயை மூடி, இன்லெட் பைப்பைக் கழற்றி, வால்வின் வாயில் உள்ள சல்லடையைக் குறடால் இழுத்துக் கழுவுங்கள். இரண்டும் காசில்லாமல் முடிகிற வேலை.

பெல்ட், டிரெயின் பம்பு, இன்லெட் வால்வு, கார்பன் பிரஷ், கதவு ரப்பர் ஆகியவற்றில் எது போனாலும் மாற்றி ஓட்டலாம். டாப் லோடு ஸ்பின்னில் டமடமவென்று உடம்பில் மோதினால், பெரும்பாலும் தொட்டியை நாலு மூலையில் தொங்கவிட்டிருக்கும் சஸ்பென்ஷன் ராடுகள் தளர்ந்திருக்கும். அதற்காக மெஷினைத் தூக்கிப் போட வேண்டாம்.

டிரம் சுழலும் அச்சைத் தாங்கும் பேரிங் போனால் நிலைமை வேறு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காலி டிரம்மைக் கையால் சுற்றுங்கள். மாவு மில் போலக் கரகரவென்று அரைத்தால் சந்தேகம் பேரிங் மேல்தான். அடுத்து டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். வெளித்தொட்டியும் சேர்ந்து ஆடினால் சரி, ஸ்பிரிங்கில் தொங்குவதால் அது அப்படித்தான் ஆடும். டிரம் மட்டும் தனியாகக் கடக்கென்று ஆடினால் தேய்ந்துவிட்டது. பின்தகட்டைக் கழற்றினால் புல்லியின் நடுவிலிருந்து கீழே துருக்கோடு வழிந்திருக்கும். சீல் விட்டு, தண்ணீர் பேரிங்குக்குள் இறங்கிய தடம் அது. இப்போது பல மாடல்களில் வெளித்தொட்டியின் இரு பாதிகளையும் பிரிக்க முடியாதபடி ஒட்டிவிடுகிறார்கள். அதனால் பேரிங்குக்காகத் தொட்டியையே மாற்ற வேண்டியிருக்கும். டிரம்மைப் பின்னால் தாங்கும் மூன்று கால் அலுமினிய ஸ்பைடர் அரித்து உடைந்தாலும் பெரிய செலவுதான். அதை அரிப்பது பெரும்பாலும் அளவு மீறிப் போட்ட சோப்புத்தூளின் மிச்சம். எட்டு வருடம் ஓடிய மெஷினுக்கு ரிப்பேர் செலவு புது விலையில் பாதியை நெருங்கினால் மாற்றிவிடுங்கள்.

முதலில் உங்கள் வீட்டுத் தண்ணீர்

எந்த வகை வாங்குவது என்பதைப் பெருமளவு முடிவு செய்வது பிராண்டு அல்ல, குழாயில் வரும் தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் மொத்தக் கடினத்தன்மை (கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவு) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்றது. வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம். போர் தண்ணீரைக் கையோடு சோதிக்க ஒரு வழி உண்டு. பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். சோப்புத்தூள் வேண்டாம், அது உப்புத் தண்ணீரிலும் நுரைத்து ஏமாற்றும். நுரை எழாமல் தயிர் திரிந்தாற்போல் வெள்ளைத் திப்பி மிதந்தால் கடினத் தண்ணீர். வெந்நீர் போடும் ராடில் வெள்ளை ஓடு கட்டியிருந்தாலும் அதேதான். அந்த ஓடு ஃபிரண்ட் லோடின் ஹீட்டரிலும் கட்டும். ஓடு தடிக்கத் தடிக்க ஹீட்டர் தன் சூட்டிலேயே வெந்து ஒருநாள் போய்விடும்.

இப்படிப்பட்ட தண்ணீர் வரும் வீட்டில் ஹீட்டர் இல்லாத டாப் லோடோ செமி ஆட்டோமேட்டிக்கோ நிம்மதி. ஃபிரண்ட் லோடுதான் வேண்டுமென்றால், தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கும், அவ்வப்போது உப்புப் போட்டுப் புதுப்பிக்கும் வகை சாஃப்ட்னரின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். குழாயில் மாட்டும் சின்ன பாஸ்பேட் ஃபில்டர் கடினத்தன்மையைக் குறைக்காது. ஓடு படிவதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

அடுத்தது அழுத்தம். தொட்டியின் அடிமட்டத்திலிருந்து மெஷின் குழாய் வரை எத்தனை அடி உயரம் என்று அளந்துகொள்ளுங்கள். 10 அடிக்குச் சுமார் 0.3 பார் அழுத்தம் கிடைக்கும். மேல்மாடி வீட்டில் தளம் 10 அடி உயரம், அதன் மேல் மூன்றரை அடி மேடையில் தொட்டி, குழாய் தரையிலிருந்து மூன்றரை அடி என்றால் மிஞ்சுவது சரியாக அந்த 10 அடிதான். மாடலின் கையேட்டில் குறைந்தபட்ச நீர் அழுத்தம் போட்டிருப்பார்கள். 0.03 எம்.பி.ஏ. (MPa, மெகாபாஸ்கல்) என்றால் 0.3 பார், உங்கள் வீட்டில் விளிம்பில் ஓடும். 0.05 என்றால் 17 அடி வேண்டும், அந்த மாடலை விட்டுவிடுங்கள். 10 லிட்டர் வாளி ஒரு நிமிடத்தில் நிரம்பினால் நல்ல வரத்து. இரண்டு நிமிடத்துக்கு மேல் இழுத்தால், மெஷின் காத்துக் காத்து எரர் காட்டி நிற்க வாய்ப்புண்டு. எல்ஜியில் ஐஇ என்றும் சாம்சங்கில் 4சி அல்லது 4இ என்றும் வருவது இந்தத் தண்ணீர் வராத எரர்தான். பலர் இதை மெஷின் கோளாறு என்று எண்ணி எலெக்ட்ரானிக் போர்டு வரை மாற்றிவிடுகிறார்கள்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் பிடித்து வைக்கும் வீட்டுக்கு, லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் வீட்டுக்கு, செமி ஆட்டோமேட்டிக்கை யாரும் மட்டமாகப் பேச வேண்டாம். வாளியால் ஊற்றித் துவைக்கலாம், வெள்ளைத் துணி துவைத்த சோப்புத் தண்ணீரிலேயே கால்மிதியையும் போடலாம், உள்ளூர் மெக்கானிக்கே பிரித்துச் சரிசெய்வார்.

பிளக், இடம், வடிகால்

ஹீட்டர் உள்ள மெஷின் சுமார் 2,000 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது 8.7 ஆம்பியர். 6 ஆம்பியர் சின்ன பிளக்கில் கன்வெர்ட்டர் போட்டு மாட்டினால் பிளக் பாயிண்ட் உருகும். 16 ஆம்பியர் பவர் பிளக், 2.5 சதுர மி.மீ.க்குக் குறையாத காப்பர் ஒயர், வேலை செய்யும் எர்த் மூன்றும் தேவை. மெஷினைத் தொட்டால் சுரீர் என்கிற வீட்டில் முதல் செலவு எலெக்ட்ரீஷியனுக்கு.

ஃபிரண்ட் லோடு 60 செ.மீ. அகலம், 85 செ.மீ. உயரம் இருக்கும். கான்கிரீட் கட்டி உள்ளே இருப்பதால் எடை 60 கிலோவுக்கு மேல் போகும். மெஷின் வைக்கும் இடத்தை மட்டும் அளந்தால் போதாது. படிக்கட்டின் திருப்பத்தையும் பால்கனிக் கதவின் நிகர அகலத்தையும் அளங்கள். பின்னால் பைப்புக்கு 10 செ.மீ. விடுங்கள். டாப் லோடுக்கு மூடி முழுதும் திறக்கும் உயரம் வேண்டும். மேலே அலமாரியோ கீசர் பைப்போ இருந்தால் இடிக்கும்.

வடிகாலில்தான் பலர் சறுக்குகிறார்கள். பம்பு இல்லாத டாப் லோடில் கழிவு ஹோஸ் தரையோடு கிடக்க வேண்டும். தூக்கி மாட்டினால் தண்ணீர் வடியாது. பம்பு உள்ள ஃபிரண்ட் லோடுக்கு நேர்மாறு, ஹோஸ் தரையிலிருந்து 60 முதல் 100 செ.மீ. உயரத்துக்கு ஏறி இறங்க வேண்டும். அதைத் தரையில் போட்டால் ஏறிய தண்ணீர் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும், மெஷின் நிரப்பிக்கொண்டே இருக்கும். பழைய டாப் லோடை எடுத்துவிட்டு அதே நானி ட்ராப்பில் (தரையில் உள்ள வடிகால் குழியில்) ஃபிரண்ட் லோடு வைக்கும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கும்.

எத்தனை கிலோ?

எழுதியிருக்கும் கிலோ காய்ந்த துணியின் எடை, அதுவும் காட்டன் புரோகிராமுக்கு மட்டும். சிந்தடிக் புரோகிராமில் ஏறக்குறைய பாதிதான் போடலாம், குயிக் வாஷில் அதைவிடக் குறைவு. ஒரு ஜீன்ஸ் 600 முதல் 700 கிராம், டபுள் காட்டன் பெட்ஷீட் முக்கால் கிலோ, தேங்காய்ப்பூத் துண்டு அரை கிலோ என்று வைத்துக்கொண்டு உங்கள் வாரக் கணக்கைப் போடுங்கள். மூன்று பேருக்கு 6.5 கிலோ, நாலைந்து பேருக்கு 7 அல்லது 8 போதும். ஃபிரண்ட் லோடில் துணிக்கு மேல் ஒரு கை நுழைய இடம் இருக்க வேண்டும்.

ஸ்பின் வேகத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்குமுன், மொட்டை மாடி உண்டா என்று பாருங்கள். வெயிலில் காயும் வீட்டுக்கு டாப் லோடின் நிமிடத்துக்கு 700 சுற்றே தாராளம். பால்கனிக் கொடியை மட்டும் நம்பும் பிளாட்டில், ஐப்பசி கார்த்திகை மழையில், 1,200 சுற்றின் அருமை தெரியும். ஹீட்டருக்குக் காசு கொடுப்பது யாருக்குத் தகும் என்றால், கைக்குழந்தை உள்ள வீட்டுக்கும் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் தவறாத வீட்டுக்கும். நல்லெண்ணெய் ஏறிய துண்டு குளிர்ந்த தண்ணீரில் எத்தனை முறை துவைத்தாலும் சிக்கு வாடை போகாது. 60 டிகிரியில் ஓட்டினால் பெருமளவு போய்விடும்.

கடையில் கேட்க வேண்டியவை

“10 வருட வாரண்டி” என்பது பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டும். நம் ஊரில் அடிக்கடி போவது போர்டு. பல்லி, ஈரம், கரண்ட் ஏற்ற இறக்கம் எல்லாம் அதைத்தான் தாக்கும். போர்டுக்கு எத்தனை வருடம், வேலைக்கூலி யார் தருவது என்பதை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் பின்கோடுக்குச் சர்வீஸ் உண்டா, கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடுமா, அடியில் எலி நுழையாமல் தடுக்கும் வலை உண்டா என்பதையும் கேளுங்கள். எக்ஸ்சேஞ்ச் இல்லாத விலையை முதலில் கேட்டுவிட்டு அப்புறம் பழையதைப் பற்றிப் பேசுங்கள். சக்கரம் வைத்த ஸ்டாண்டை ஃபிரண்ட் லோடுக்குத் தலையில் கட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஸ்பின்னில் மெஷின் நடக்கத் தொடங்கும்.

மெஷின் வந்த அன்று

ஃபிரண்ட் லோடின் பின்பக்கம் டிரம்மை இறுக்கிப் பிடித்திருக்கும் மூன்று நாலு டிரான்சிட் போல்ட்டுகள் இருக்கும். அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் மெஷின் குதித்து, ஷாக் அப்சார்பர் முதல் நாளே அடிபடும். கழற்றிய போல்ட்டுகளை பில்லோடு ஒரே கவரில் போட்டு வையுங்கள், வீடு மாறும்போது தேவைப்படும். எதிரெதிர் மூலைகளை அழுத்திப் பாருங்கள். ஆடினால் காலைத் திருகிச் சமன்செய்து, லாக் நட்டை மேல்நோக்கி இறுக்கச் சொல்லுங்கள். முதல் ஓட்டம் துணியில்லாமல், கொஞ்சம் லோ ஃபோம் பவுடரோடு. தண்ணீர் ஏறி, சுற்றி, வடிந்து, ஸ்பின் முடியும்வரை மெஷினைப் பொருத்த வந்த பிட்டரை அனுப்ப வேண்டாம். பைப் இணைப்புகளின் அடியில் ஒரு காய்ந்த செய்தித்தாளை விரித்து வைத்தால், ஒரு சொட்டுக் கசிவும் அதில் தெரிந்துவிடும்.