கூரை போட்ட சிட்-அவுட்டுக்கு எந்தத் தரை? கான்கிரீட்டைப் பார்த்து முடிவெடுக்கும் வழி

வீட்டுக்கு முன்னாலோ பக்கவாட்டிலோ கூரை போட்ட சிட்-அவுட் இருக்கிறது, கீழே கான்கிரீட்டும் போட்டாயிற்று, இனி மேலே என்ன பதிக்கலாம்? இந்தக் கேள்வி வந்ததும் பெரும்பாலானவர்கள் நேராக டைல்ஸ் கடைக்குப் போய்விடுகிறார்கள். கடையில் காய்ந்த தரையில், நல்ல விளக்கு வெளிச்சத்தில் எல்லா டைலும் அழகாகத்தான் தெரியும். ஐப்பசி மழை காற்றோடு அடிக்கும்போது, வெறுங்காலோடு ஒரு பெரியவர் அதன்மேல் நடந்தால் வழுக்குமா என்பது அங்கே தெரியாது. அதனால் கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் செய்ய வேண்டிய வேலையிலிருந்து தொடங்குகிறேன். பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டில், தரைமட்டத்தில் மண்ணின் மேல் போட்ட கான்கிரீட்டுக்கு. கணக்குக்கு 10 அடிக்கு 12 அடி இடம் என்று வைத்துக்கொள்வோம். மொட்டை மாடியில் ஷெட் போட்டிருந்தால் அங்கே நீர்க்கசிவுத் தடுப்பு முதல் வேலை. அது வேறு விஷயம்.

படி 1: சாரலுக்கும் வெயிலுக்கும் கோடு போடுங்கள்

கூரை இருந்தால் தரை நனையாது என்று நினைத்துத்தான் பலர் வீட்டுக்குள் போடும் டைலையே வெளியிலும் போட்டுவிடுகிறார்கள். காற்றோடு மழை வந்தால் சாரல் மூன்று நான்கு அடி உள்ளே வருவது சாதாரணம். கூரை உயரமாக இருந்தால் இன்னும் உள்ளே வரும். ஒரு நல்ல மழை நின்றதும் சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய், ஈரம் எதுவரை வந்திருக்கிறதோ அங்கே கோடு போடுங்கள். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை அடித்து வாங்கும். அங்கே வடக்கும் கிழக்கும் பார்த்த சிட்-அவுட்டுகள் அதிகம் நனையும். கன்னியாகுமரி, தென்காசி பக்கம் என்றால் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையையும் கணக்கில் எடுங்கள்.

அப்புறம், மதியம் மூன்று மணிக்கு வெயில் எதுவரை வருகிறது என்று இன்னொரு கோடு. மேற்குப் பார்த்த இடத்தில் கறுப்புக் கல் பதித்தால் சித்திரை மாதம் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது.

படி 2: கான்கிரீட்டின் உடம்பு எப்படி இருக்கிறது?

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். மேலே எவ்வளவு விலையுயர்ந்த கல் பதித்தாலும், கீழே இருக்கிற கோளாறு ஒருநாள் மேலே வந்தே தீரும்.

முதலில் வயது. புதிதாகப் போட்ட கான்கிரீட் என்றால் குறைந்தது 28 நாள் ஆகட்டும். அதற்குள் அது சுருங்கிக்கொண்டே இருக்கும்.

அடுத்து விரிசல். தலைமுடி கனத்தில் மேலோட்டமாக ஓடும் விரிசலால் பெரிய பயமில்லை. விரிசலின் ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உயர வித்தியாசம் தட்டுப்பட்டால் அடியில் மண் இறங்கியிருக்கிறது. அப்படியென்றால் தரை வேலையை நிறுத்திவிட்டு முதலில் கான்கிரீட்டைச் சரி செய்ய வேண்டும். சந்தேகமாக இருந்தால் விரிசலின் குறுக்கே கொஞ்சம் வெள்ளை சிமெண்டைப் பட்டையாகப் பூசி, சில வாரம் விட்டுப் பாருங்கள். பூச்சு உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது.

மூன்றாவது ஓதம். ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு கனமான பிளாஸ்டிக் தாளைக் கான்கிரீட்டின் மேல் விரித்து, நாலு ஓரத்தையும் அகலமான டேப்பால் காற்றுப் போகாமல் ஒட்டுங்கள். வெயில் நேராகப் படாத இடமாக இருக்கட்டும். குறைந்தது 16 மணி நேரம் கழித்துப் பிரியுங்கள். தாளின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ, அந்தச் சதுரம் மட்டும் கறுத்து ஈரமாகத் தெரிந்தாலோ, மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது. பழைய வீடுகளில் அடியில் பிளாஸ்டிக் தாள் விரிக்காமல் நேராக மண்மேல் கான்கிரீட் போட்டிருப்பார்கள். அங்கே இது அடிக்கடி நடக்கும். ஈரம் தனியாக வருவதில்லை, உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். டைல் இடுக்கிலும் கல்லின் மேலும் வெள்ளையாகப் பூப்பது அந்த உப்புதான்.

கடைசியாக வாட்டம். ஒரு வாளித் தண்ணீரைச் சுவரோரம் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். 100க்கு 1 என்ற வாட்டம் வேண்டும். நம் 10 அடி அகலத்துக்கு, சுவரோரத்தைவிட வெளி ஓரம் சுமார் ஒன்றேகால் அங்குலம் இறங்கியிருக்க வேண்டும். தண்ணீர் வீட்டுப் பக்கமே திரும்பி வந்தால் அந்தக் குறையைப் பதிப்புக் கலவையிலோ தனித் தளப் பூச்சிலோ சரிசெய்ய வேண்டும். அதற்கும் உயரம் வேண்டும் என்பதால் அடுத்த படியையும் சேர்த்தே யோசியுங்கள்.

படி 3: உயரக் கணக்கு

இதை யாரும் முதலில் சொல்வதில்லை, எனக்கு இதுதான் பெரிய விஷயம். பசை வைத்து ஒட்டும் டைலுக்கு, பசையையும் சேர்த்து அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே போகும். கலவையில் பதிக்கும் கல்லுக்கு இரண்டு, இரண்டரை அங்குலம் வரை வேண்டும். வேலை முடிந்த பிறகும் சிட்-அவுட் தரை, வீட்டுக்குள் இருக்கும் தரையைவிட இரண்டு அங்குலமாவது தாழ்வாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சாரல் தண்ணீர் வாசலைத் தாண்டி உள்ளே வரும்.

வாசல்படியிலிருந்து கான்கிரீட் வரை டேப் வைத்து அளந்து, எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். கிரில் கேட் இருந்தால் அதன் அடியில் எவ்வளவு இடைவெளி என்றும் பாருங்கள். படிக்கட்டையும் மறக்க வேண்டாம். தரை உயர்ந்தால் கடைசிப் படி மட்டும் மற்றதைவிட உயரமாகிவிடும், அங்கேதான் கால் இடறும். மூன்று அங்குலம் மட்டுமே மிச்சம் என்றால் கல் ஆசையை விட்டுவிட்டு டைலுக்குப் போய்விடலாம்.

படி 4: எது பொருந்தும், எது பொருந்தாது

மேட் ஃபினிஷ் விட்ரிஃபைடு டைல். முதல்முறை வீடு கட்டுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்கும் கீழே, அதனால் பாசியும் கறையும் உள்ளே இறங்காது. உயரமும் குறைவாகவே தேவைப்படும். உடலெல்லாம் ஒரே நிறமாக இருக்கும் ஃபுல் பாடி வகை கிடைத்தால் ஓரங்களுக்கும் படிக்கும் அதுவே நல்லது, மூலை பெயர்ந்தாலும் உள்ளே வேறு நிறம் தெரியாது. பளபளப்பான வகை மட்டும் வெளியில் வேண்டவே வேண்டாம். ஈரக்காலோடு ஒரு தடவை வழுக்கினால் போதும், இடுப்பெலும்பு போய்விடும்.

கிரானைட். உயரம் இருந்து, கொஞ்சம் செலவும் செய்ய முடிந்தால் இதற்கு இணை இல்லை. பாலிஷ் போட்டதை வாங்காதீர்கள். நெருப்பால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய ஃப்ளேம்டு ஃபினிஷ், அல்லது தொட்டால் தோல் போல லேசான மேடுபள்ளம் தெரியும் லெதர் ஃபினிஷ் கேளுங்கள். ஃப்ளேம்டு நன்றாகப் பிடிக்கும், ஆனால் அழுக்கும் அதில் தங்கும், பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கும். லெதர் துடைக்கச் சுலபம். சாரல் கோட்டுக்கு வெளியே ஃப்ளேம்டு, உள்ளே லெதர் என்று ஒரே கல்லில் இரண்டையும் கலந்து போட்டால் பார்க்கவும் அழகு.

கோட்டா, தந்தூர், கடப்பா. ராஜஸ்தான், தெலங்கானா, ஆந்திரத்திலிருந்து வரும் இந்த மூன்றுமே சுண்ணாம்புக்கல் இனம். விலை குறைவு, நடந்து நடந்து வழவழப்பாகும். பாத்ரூம் கழுவும் ஆசிட் பட்டால் அந்த இடம் வெளுத்துச் சொரசொரத்துப் போகும். எலுமிச்சைச் சாறு சிந்தி அப்படியே விட்டாலும் தடம் விழும். பாலிஷ் போடாத கோட்டா, நிழலான சிட்-அவுட்டுக்கு மிக நல்ல தரை. கடப்பா கறுப்பு என்பதால் வெயில் கோட்டுக்கு உள்பக்கம் மட்டும்.

ஆத்தங்குடி டைல்ஸ். சிவகங்கை மாவட்டம், காரைக்குடிப் பக்கத்தில் கண்ணாடித் தட்டின் மேல் நிறக்கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் சேர்த்துக் கையால் செய்வது. சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துவார்கள். எனக்கு மிகவும் பிடித்த தரை இது. அதனாலேயே சொல்கிறேன், சாரல் அடிக்கும் இடத்தில் போட்டு அதைக் கொல்லாதீர்கள். சிமெண்ட் என்பதால் ஈரத்தையும் கறையையும் உறிஞ்சும், அடியில் ஓதம் இருந்தால் உப்புப் பூக்கும், நனைந்தால் வழுக்கும். இரண்டு பக்கம் சுவர் மறைத்த, ஓதமில்லாத, உள்ளடங்கிய திண்ணை என்றால் தாராளமாகப் போடுங்கள்.

ரெட் ஆக்சைடு. சிமெண்டில் சிவப்பு நிறப்பொடி கலந்து தேய்த்து மெருகேற்றும் பழைய காலத் தரை. கைதேர்ந்த மேஸ்திரி கிடைத்தால் குளுகுளுவென்று இருக்கும். கான்கிரீட்டில் இருக்கும் விரிசல் அப்படியே மேலேயும் வரும், ஓதம் இருந்தால் திட்டுத் திட்டாக வெளுக்கும்.

மிச்சமிருப்பவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். வினைல், லேமினேட் வெளியில் கூடாது. எபாக்சி பெயின்ட் ஓதம் உள்ள தரையில் கொப்புளித்து உரியும், வெயிலில் மஞ்சளாகும். செயற்கைப் புல் தூசியையும் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மரத் தளத்துக்குக் கரையான் பயம். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகைக்கு அந்தப் பயம் குறைவு, ஆனால் அடியில் சட்டம் கொடுத்துத்தான் போட வேண்டும். அந்த இடைவெளியில் குப்பையும் பூச்சியும் சேரும். பலகையைக் கழற்றிச் சுத்தம் செய்ய வழி இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

படி 5: கடையில் என்ன செய்ய வேண்டும்

ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டு போங்கள். பிடித்த மாதிரியைத் தரையில் வைத்துத் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலாலும் ரப்பர் செருப்பாலும் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். டைல் கம்பெனியின் விவர அட்டவணையில் ஆர் (R) என்ற எழுத்தோடு 9 முதல் 13 வரை ஒரு எண் இருக்கும். எண் ஏற ஏற வழுக்கல் குறையும். சாரல் கோட்டுக்கு உள்ளே ஆர்10 போதும். சாரல் படும் இடத்துக்கும் படிக்கும் ஆர்11. அதற்கு மேலே போனால் துடைப்பது சிரமம், வீட்டுக்குத் தேவையில்லை.

அப்புறம் கொஞ்சம் செம்மண்ணைக் குழைத்து மாதிரியின் மேல் தேய்த்து, காய்ந்ததும் ஈரத்துணியால் ஒரே இழுப்பில் துடையுங்கள். குழிகளில் சிவப்பு தங்கினால் தினமும் அதே கதைதான். வாசலில் கோலம் போடும் வீடு என்றால் கோலமாவையும் ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள். வெளிர் நிறத்தில் கோலம் எடுப்பதில்லை. ஆழமான கோடுகள் உள்ள டைலில் இழையும் நேராக வராது, மாவும் முழுசாகப் போகாது. நடுத்தரச் சாம்பல், காவி போன்ற நிறங்கள் அழுக்கையும் மறைக்கும், கோலத்தையும் காட்டும்.

ஸ்கூட்டர் நிறுத்துவீர்களா? அப்படியானால் கனமான டைல் கேளுங்கள். சென்டர் ஸ்டாண்டின் இரண்டு கால்களும் எடையில் பெரும்பகுதியைச் சின்னஞ்சிறு இடத்தில் இறக்கும்.

படி 6: எவ்வளவு வாங்குவது

120 சதுர அடியோடு வெட்டுக்கும் உடைவுக்கும் 10 சதவீதம் சேர்த்தால் 132. இரண்டடிக்கு இரண்டடி டைல் பெட்டிக்கு 4 வீதம், சுமார் 15.5 சதுர அடி வரும். ஆக 9 பெட்டி. எல்லாப் பெட்டியிலும் ஷேட் எண்ணும் பேட்ச் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்காமல் நான்கைந்து டைலைப் பரணில் போட்டு வையுங்கள்; பின்னால் அதே நிறம் கிடைப்பது அரிது.

படி 7: பதிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்

விட்ரிஃபைடு டைல் நீர் உறிஞ்சாது என்பதால் வெறும் சிமெண்ட் பாலில் ஒழுங்காகப் பிடிக்காது. பசை வேண்டும். பையில் ஐ.எஸ். 15477 என்ற தர எண்ணும் வகை எண்ணும் அச்சிட்டிருக்கும். வகை 1 சாதாரண செராமிக்குக்கு, வெளியில் போடும் விட்ரிஃபைடுக்கு வகை 2 அல்லது அதற்கு மேல்.

பசையைப் பல் கரண்டியால் கோடு கோடாக இழுத்துப் பரப்ப வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாக வைத்து அழுத்துவது வேகமான வழி, அதை அனுமதிக்காதீர்கள். உருண்டைகளுக்கு நடுவே வெற்றிடம் இருக்கும், தண்ணீர் அங்கே போய்த் தங்கும், ஸ்டாண்டு அதன் மேல் நின்றால் டைல் உடையும். முதல் டைலைப் பதித்ததும் உடனே தூக்கிப் பின்பக்கம் காட்டச் சொல்லுங்கள். பசை முழுப் பரப்பிலும் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு டைலுக்கு இதைச் செய்து பார்த்துவிட்டால், நீங்கள் கவனிக்கிறீர்கள் என்று மேஸ்திரிக்கும் தெரிந்துவிடும்.

வெளியில் ஸ்பேசர் (டைல்களுக்கு நடுவே ஒரே அளவு இடைவெளி விட வைக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டு) இல்லாமல் ஒட்டி ஒட்டிப் பதிக்கக் கூடாது, குறைந்தது 3 மி.மீ. இடைவெளி வேண்டும். வெயிலில் டைல் விரியும்போது இடமில்லையென்றால் இரண்டு டைலும் முட்டிக் கூடாரம் போல எழும்பும். சுவரோரமும் ஒரு சின்ன இடைவெளி விட்டு, ஸ்கர்ட்டிங்கால் (சுவரின் அடியில் ஒட்டும் டைல் பட்டை) மறைத்துவிடலாம். கான்கிரீட்டில் ஏற்கனவே இணைப்புக் கோடு இருந்தால் அதன் மேல் டைலைக் குறுக்கே போடாதீர்கள். மேலேயும் அதே இடத்தில் கோடு விட்டு, சிமெண்டுக்குப் பதிலாக நெகிழும் சீலண்ட் நிரப்பச் சொல்லுங்கள்.

கல் பதித்தால், கறையும் ஈரமும் பிடிக்காமல் இருக்க மேலே பூசும் சீலர் உள்ளே இறங்கும் வகையாக இருக்கட்டும். பளபளவென்று படலமாக நிற்கும் வகை, அடியில் ஈரம் இருந்தால் உரிந்துவிடும். வேலை முடிந்ததும் சிமெண்ட் கறையைப் போக்க ஆசிட் ஊற்றுவது பல இடங்களில் பழக்கம். கோட்டா, தந்தூர், கடப்பா, ஆத்தங்குடி எதுவானாலும் அதை முன்கூட்டியே தடுத்துவிடுங்கள், கறையை அன்றன்றைக்கே ஈரத்துணியால் துடைத்தால் ஆசிட்டுக்கு வேலையே இல்லை. ஒட்டிய டைலில் ஒரு நாள் யாரும் நடக்க வேண்டாம். ஸ்கூட்டரை ஒரு வாரம் தெருவிலேயே நிறுத்துங்கள். அதன் பிறகு மறுபடி ஒரு வாளித் தண்ணீரைச் சுவரோரம் ஊற்றிப் பார்த்து, எங்கும் தேங்காமல் வெளியே ஓடினால் மேஸ்திரிக்கு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.