ஐரோப்பாவில் இணை மின்உற்பத்தி: திட்டமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் வட ஜெர்மனியின் ஒரு சிற்றூருக்கான இணை மின்உற்பத்தித் திட்டத்தின் வரைவு என் மேசைக்கு வந்தது. அதைத் தயாரித்தவர்கள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகளே ஆன இரு இளம் பொறியாளர்கள். அவர்களில் ஒருவர் முதுகலைப் படிப்புக்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்து இங்கேயே பணியில் அமர்ந்தவர். உழைப்பில் குறை சொல்ல முடியாத வரைவுதான். ஆனால் நான்காம் பக்கத்தைப் புரட்டியபோது, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் போட்ட அதே கணக்கு அதே பிழையுடன் அங்கே இருந்தது. அதைத் திருத்தி அனுப்பிவிட்டு, மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

இணை மின்உற்பத்தி என்பது ஒரே எரிபொருளிலிருந்து மின்சாரத்தையும் பயன்படும் வெப்பத்தையும் சேர்த்து எடுப்பது. நம் ஊர்ச் சர்க்கரை ஆலைகள் கரும்புச் சக்கையை எரித்துச் செய்வதும் இதுவே. ஐரோப்பாவில் அந்த வெப்பம் பெரும்பாலும் நகரங்களின் சுடுநீர்க் குழாய் வலைகளுக்கும், காகிதம், வேதிப்பொருள் போன்ற தொழில்களின் நீராவித் தேவைக்கும் போகிறது. இரைச்சல் தடுப்பு, புகைபோக்கியின் உயரம், மின்இணைப்பு விண்ணப்பம் போன்றவற்றில் நேரும் பிழைகளை எந்தச் சரிபார்ப்புப் பட்டியலும் காட்டிக் கொடுத்துவிடும் என்பதால் அவற்றை இங்கே தொடவில்லை.

விளம்பரத் தாளின் 90 சதவீதத்தை நம்புவது

என்ஜின் விற்பவர் தரும் தாளில் மின்திறன் 42 சதவீதம், வெப்பத்திறன் 45 சதவீதம் என்றோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். இரண்டையும் கூட்டி, 90-ஐ நெருங்குகிறது என்று வரைவின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறார்கள். அந்த 45 சதவீத வெப்பம் முழுவதும் யாராவது ஒருவருக்குப் பயன்பட்டால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

ஐரோப்பிய ஒன்றியம் அளக்கும் முறை வேறு. மின்சாரத்தையும் வெப்பத்தையும் தனித்தனியாக, நல்ல கருவிகளில் உற்பத்தி செய்திருந்தால் எவ்வளவு எரிபொருள் செலவாகியிருக்கும் என்று கணக்கிட்டு, அதோடு ஒப்பிடும்போது குறைந்தது 10 சதவீத முதன்மை ஆற்றல், அதாவது எரிபொருளில் உள்ள ஆற்றல், மிச்சப்பட்டால்தான் ஒரு நிலையத்தை உயர்திறன் நிலையம் என்று ஏற்கிறது. ஒரு மெகாவாட்டுக்குக் குறைந்தவற்றுக்கு ஏதேனும் மிச்சம் இருந்தாலே போதும். 2015-ஆம் ஆண்டு விதியின்படி இயற்கை எரிவாயுவுக்கான ஒப்பீட்டுத் திறன் மின்சாரத்துக்கு 53 சதவீதம், சுடுநீருக்கு 92 சதவீதம்; இருப்பிடத்தையும் மின்னழுத்தத்தையும் பொறுத்துச் சிறு திருத்தங்கள் உண்டு. இந்த அளவுகோலில் மேலே சொன்ன என்ஜின் ஏறக்குறைய 22 சதவீதம் மிச்சப்படுத்துகிறது. அதே என்ஜின் தன் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூரைமேல் உள்ள குளிர்விப்பானில் காற்றில் விட்டால் மிச்சம் பாதியாகக் குறைகிறது. பாதி வெப்பத்தை விட்டால் 4 சதவீதம்கூட மிஞ்சுவதில்லை. அது மட்டுமன்று: என்ஜின் நிலையத்தின் ஆண்டு மொத்தத் திறன் 75 சதவீதத்துக்குக் கீழே போனால், உற்பத்தியான மின்சாரம் முழுவதையும் இணை உற்பத்தி மின்சாரமாகக் கணக்கில் சேர்க்க முடியாது.

2023-இல் திருத்தப்பட்ட ஆற்றல் திறன் நெறிமுறை இன்னொரு வரம்பையும் வைத்துள்ளது. புதிதாகக் கட்டும் அல்லது பெருமளவில் புதுப்பிக்கும் நிலையம் புதைபடிவ எரிபொருளில் ஓடினால், அது தரும் மின்சாரமும் வெப்பமும் சேர்ந்த ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு 270 கிராமுக்குக் குறைவாக இருந்தால்தான் அது உயர்திறன் நிலையமாக ஏற்கப்படும். இயற்கை எரிவாயு எரியும்போது ஒரு கிலோவாட் மணிக்குச் சுமார் 200 கிராம் வெளியாகிறது என்பதால், மொத்தத் திறன் 75 சதவீதத்தை ஒட்டி இருந்தால்தான் எரிவாயு நிலையம் தேறும். நிலக்கரியோ வெப்பத்தில் ஒரு துளியும் வீணாகாமல் எரிந்தால்கூடத் தேறாது. வெப்பத்தை வீணடிக்கும் வடிவமைப்புக்கு இனி உயர்திறன் என்ற பெயர் கிடைக்காது.

வெப்பத் தொட்டியைச் சிறிதாக்குவது

நான்காம் பக்கத்தில் நான் கண்ட பிழை இதுதான். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது.

நான் முதன்முதலில் தனியாகப் பொறுப்பேற்ற திட்டத்தில் ஒரு பள்ளியும், ஒரு நீச்சல் குளமும், இருநூறுக்குக் குறைவான வீடுகளும் இருந்தன. 430 கிலோவாட் வெப்பம் தரும் எரிவாயு என்ஜினைத் தேர்ந்தேன். என்ஜினின் வெப்பத்தைச் சுடுநீராகச் சேர்த்து வைக்க, முதல் வரைபடத்தில் 60 கனமீட்டர் தொட்டி இருந்தது. கட்டடக் கூரையின் உயரம் போதவில்லை என்றும் செலவைக் குறைக்க வேண்டும் என்றும் பேச்சு வந்தபோது, வெறும் தண்ணீர் நிற்கும் உருளைதானே, என்ஜின் ஆண்டுக்கு 6,000 மணிநேரத்துக்கு மேல் ஓடிக்கொண்டுதானே இருக்கப்போகிறது என்று எண்ணி, அதை 15 கனமீட்டராக வெட்டுவதற்கு நானே கையெழுத்திட்டேன்.

ஒரு கனமீட்டர் நீரில் மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் 30 பாகை வேறுபாடு இருந்தால் சுமார் 35 கிலோவாட் மணி வெப்பம் நிற்கும். என் கணக்குப்படி அந்தச் சிறு தொட்டியில் 500 கிலோவாட் மணிக்குச் சற்று மேல் கொள்ள வேண்டும். ஆனால் வீடுகளின் பழைய ரேடியேட்டர்களிலிருந்து நான் எதிர்பார்த்ததைவிடச் சூடாகவே நீர் திரும்பி வந்ததால் வேறுபாடு 20 பாகையாகச் சுருங்கி, கொள்ளளவு 350-ஆகக் குறைந்துவிட்டது. கடுங்குளிர் மாதங்களில் இது தெரியவில்லை. ஏப்ரலில் ஊரின் தேவை 250 கிலோவாட்டாக இறங்கியபோது என்ஜின் இரண்டு மணிநேரம் ஓடித் தொட்டியை நிரப்பியது, ஒன்றரை மணிநேரம் நின்றது, மறுபடி கிளம்பியது. ஒரு நாளைக்கு ஏழு முறை. ஒவ்வொரு முறையும் ஆறிய எண்ணெயுடன் கிளம்பும் என்ஜினுக்கு அது எத்தகைய தேய்மானம் என்பதை இரண்டாம் ஆண்டின் பராமரிப்புச் செலவு எங்களுக்குக் காட்டியது.

அதைவிடப் பெரிய இழப்பு மெல்ல மெல்லத்தான் புலப்பட்டது. தொட்டி சிறிதானால் என்ஜினால் காத்திருக்க முடியாது. நண்பகலில் சூரிய மின்சாரம் பெருகி மொத்தச் சந்தையில் விலை சரிந்து கிடக்கும்போதும், வீடுகளுக்குச் சுடுநீர் வேண்டும் என்பதால் அது ஓடியாக வேண்டும். காற்றும் வெயிலும் இல்லாத மாலையில் விலை ஏறும்போது தொட்டி நிறைந்திருந்தால் நின்றாக வேண்டும். ஜெர்மனியில் மின்விலை பூஜ்யத்துக்குக் கீழே போன மணிநேரங்கள் 2023-இல் 301, 2024-இல் 457. அத்தகைய மணிநேரங்களில் உற்பத்தியாகும் இணை மின்சாரத்துக்கு ஊக்கத்தொகையும் கிடையாது.

இறுதியில் கட்டடத்துக்கு வெளியே புதிய அடித்தளம் போட்டு, தனி அனுமதி பெற்று, குழாய்களை மறுபடி பிரித்து இணைத்து, பெரிய தொட்டியை நிறுத்தினோம். முதலிலேயே வைத்திருந்தால் ஆகியிருக்கும் செலவைப்போல மூன்று மடங்குக்கு மேல் ஆயிற்று. ஊராட்சியினர் பொறுமையாக இருந்தார்கள் என்றாலும், அந்தப் பணம் அவர்கள் வீட்டு வெப்பக் கட்டணத்திலிருந்து வந்தது என்பதை நான் மறக்கவில்லை.

இந்தத் தொழிலில் நன்றாக நடந்தவற்றைப் பார்த்தால் பெரும்பாலும் பக்கத்தில் ஒரு பெரிய தொட்டி நிற்கிறது. டென்மார்க்கில் 1990-களில் சிற்றூர்களுக்கு இணை மின்நிலையங்கள் வந்தபோது, நாளின் மூன்று பொழுதுகளுக்கு மூன்று வகை மின்விலை கொடுக்கப்பட்டது. உச்ச நேரத்தில் ஓடி மற்ற நேரத்தில் நிற்பதற்காக என்ஜினையும் தொட்டியையும் தாராளமாக அமைத்தார்கள். 2005 முதல் அந்த நிலையங்கள் சந்தை விலைக்கு மாறத் தொடங்கியபோது, அதே தொட்டிகளால்தான் அவற்றால் தாக்குப்பிடிக்க முடிந்தது. நெதர்லாந்தின் பசுங்குடில்களில் தக்காளிச் செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு பகலிலும் வெப்பம் இரவிலும் தேவைப்படுகிறது. பகலில் என்ஜினை ஓட்டி, தூய்மைப்படுத்திய புகையைச் செடிகளுக்கும் மின்சாரத்தைச் சந்தைக்கும் கொடுத்துவிட்டு, வெப்பத்தைத் தொட்டியில் இரவுக்காக வைக்கிறார்கள். ஜெர்மனியின் கீல் நகரில் பழைய நிலக்கரி நிலையத்தின் இடத்தை எடுத்துக்கொண்ட கடற்கரை மின்நிலையத்தில் 20 எரிவாயு என்ஜின்கள் சேர்ந்து 190 மெகாவாட் மின்சாரம் தருகின்றன. அவற்றின் அருகே 60 மீட்டர் உயரத்தில் 30,000 கனமீட்டர் நீர் கொள்ளும் கோபுரமும், மிஞ்சிய மின்சாரத்தை வெப்பமாக்கும் மின்கொதிகலனும் உள்ளன.

இன்னொரு காட்சியையும் இளையவர்களிடம் எப்போதும் சொல்வேன். லண்டனில் 1950-களில் பேட்டர்சீ மின்நிலையத்தின் வெப்பத்தைத் தேம்ஸ் ஆற்றின் அடியில் குழாய் வழியே கொண்டுபோய்ப் பிம்லிகோ குடியிருப்புகளுக்குக் கொடுத்தார்கள். 1983-இல் மின்நிலையம் நின்றுபோயிற்று. பிம்லிகோவின் குழாய் வலையும் உயர்ந்த நீர்த்தொட்டியும் வேறு வெப்ப மூலத்தோடு தொடர்ந்து வேலை செய்தன. நாம் அமைப்பவற்றுள் என்ஜினே முதலில் மாறக்கூடியது. தொட்டியும் குழாயும் அடுத்து வரும் எதனோடும் பொருந்தக்கூடியவை.

திரும்பும் நீரின் வெப்பநிலையை ஊகிப்பது

அளந்து பாருங்கள். ஒரு குளிர்காலம் முழுவதும்.

ஊக்கத்தொகை நிலைக்கும் என்று கணக்கிடுவது

1997-இல் ஐரோப்பிய ஆணையம், மின்உற்பத்தியில் 9 சதவீதமாக இருந்த இணை உற்பத்தியின் பங்கை 2010-க்குள் 18 சதவீதமாக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. 2004-இல் அதற்கெனத் தனி நெறிமுறையும் வந்தது. ஆயினும் பங்கு 11 சதவீதத்தை ஒட்டியே நின்றுவிட்டது. எரிவாயு விலைக்கும் மின்விலைக்கும் இடைப்பட்ட இலாபம் சுருங்கிய ஆண்டுகளில் ஓடிய நிலையங்களே நிறுத்தப்பட்டன. கொள்கைகளும் அடிக்கடி மாறின. ஸ்பெயின் 2012 ஜனவரியில் புதிய நிலையங்களுக்கான ஆதரவை ஓர் அவசரச் சட்டத்தால் நிறுத்தியது. டென்மார்க்கின் சிறு நிலையங்களுக்கு ஓடினாலும் ஓடாவிட்டாலும் கிடைத்துவந்த அடிப்படைத் தொகை 2018 இறுதியில் முடிவுக்கு வந்தது.

ஜெர்மனியில் ஊக்கத்தொகை முழுச்சுமையில் ஓடும் 30,000 மணிநேரத்துக்கு மட்டுமே என்பதை எல்லாரும் அறிவார்கள். ஓர் ஆண்டில் எத்தனை மணிநேரத்துக்கு அதைப் பெறலாம் என்ற உச்சவரம்பு 2021-இல் 5,000 ஆகவும், 2023-இல் 4,000 ஆகவும், 2025-இல் 3,500 ஆகவும் இறங்கியதைத்தான் புதியவர்கள் கவனிப்பதில்லை. நாங்கள் கற்றபோது 8,000 மணிநேரம் ஓடுவதே பெருமை. இன்று அந்த ஓட்டத்தை வைத்து வருவாயைக் கணக்கிட்டால், நான்கு ஆண்டுகளில் வரும் என்று நினைத்த பணம் எட்டு ஆண்டுகளுக்கு மேல் பரந்து கிடக்கும். வங்கிக் கடனின் தவணையோ அப்படிப் பரவாது.

ஒரு நாட்டின் வெற்றியை அப்படியே எடுத்துக்கொள்வது

டென்மார்க்கில் மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் வெப்பக் குழாய் வலையில் இணைந்திருப்பதைக் காட்டி, இங்கும் அப்படியே ஆகும் என்று வரைவில் எழுதுகிறார்கள். அந்த நிலை 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1979-இல் வந்த வெப்ப வழங்கல் சட்டத்தின் கீழ், எந்தப் பகுதிக்குக் குழாய், எந்தப் பகுதிக்கு எரிவாயு என்று ஊர்தோறும் வகுத்ததன் விளைவு. வீட்டுக்காரர் இணையலாம், இணையாமலும் இருக்கலாம் என்ற ஊரில், பத்தில் எட்டு வீடுகள் முதல் ஆண்டிலேயே சேரும் என்று கருதுவது பெரிய துணிச்சல். கையெழுத்தான ஒப்பந்தங்களை மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள்.

"ஹைட்ரஜனுக்குத் தயார்" என்ற சொல்

என்ஜின் விற்பவர் அப்படிச் சொன்னால், ஊருக்கு ஹைட்ரஜன் குழாய் வரும் தேதியை எழுத்தில் கேளுங்கள்.

வெப்பப் பம்பைப் போட்டியாளராகக் காண்பது

டென்மார்க்கின் எஸ்பியர் நகரில் நிலக்கரி இணை மின்நிலையம் 2024-இல் மூடப்பட்டு, மின்சாரத்தில் இயங்கிக் கடல்நீரிலிருந்து வெப்பம் எடுக்கும் பெரிய வெப்பப் பம்புகள் அந்த வலைக்கு வந்துவிட்டன. ஹெல்சிங்கியில் ஹனசாரி நிலக்கரி மின்நிலையம் 2023-இலும் சல்மிசாரி மின்நிலையத்தின் நிலக்கரிப் பயன்பாடு 2025-இலும் நின்றன. திறன்மிக்க வெப்ப வலை என்று ஏற்கப்படுவதற்கு 2027 இறுதி வரை அதன் வெப்பத்தில் 75 சதவீதம் இணை உற்பத்தியிலிருந்து வந்தாலே போதும். அதன்பின் விதி படிப்படியாக இறுகி, 2050-இல் புதுப்பிக்கத்தக்க ஆற்றலும் கழிவு வெப்பமும் மட்டுமே ஏற்கப்படும். இதையெல்லாம் படித்துவிட்டு என்ஜினுக்கு இனி எதிர்காலமில்லை என்று சிலர் மனம் தளர்கிறார்கள். வேறு சிலர் வெப்பப் பம்பைத் திட்டத்திலிருந்தே ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டும் பிழை என்றே நான் கருதுகிறேன். காற்று வீசாத ஜனவரி மாலையில் வெப்பப் பம்புகளுக்கு மின்சாரம் மிகுதியாகத் தேவைப்படும் அதே வேளையில்தான் என்ஜின் மின்சாரமும் வெப்பமும் சேர்த்துத் தருகிறது. மே மாத நண்பகலில் என்ஜின் ஓய்வெடுக்க, பம்பு மலிவான மின்சாரத்தில் தொட்டியை நிரப்புகிறது. இரண்டுக்கும் ஒரே தொட்டி, ஒரே குழாய் வலை.

இளம் பொறியாளர்கள் இருவரும் ஆண்டின் 8,760 மணிநேரத்துக்குமான வெப்பத் தேவையை மின்விலையோடு சேர்த்து மறுபடி கணக்கிட்டு, திருத்திய வரைவை நேற்று அனுப்பினார்கள். 40 கனமீட்டர் தொட்டி 150 கனமீட்டராகியிருக்கிறது. நான்கு மீட்டர் விட்டமும் பன்னிரண்டு மீட்டர் உயரமும் கொண்ட அந்த உருளையைக் கட்டடத்துக்கு வெளியே நிறுத்தி, பக்கத்தில் வெப்பப் பம்புக்கென்று குழாய் இணைப்பு முனைகளையும் வரைபடத்தில் குறித்திருக்கிறார்கள்.